கிராணியார் போடச் சொன்ன கேஸ்

என் அலுவலக இரும்பு அலமாரியில் வழக்கு எண் இல்லாத கோப்பு ஒன்று கிடக்கிறது. மேலட்டையில் பென்சிலால் ‘கிராணியார்’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். உள்ளே இருப்பவை இரண்டே போட்டோஸ்டாட் நகல்கள். ஒன்று, 2008 பொதுத்தேர்தலின் ‘போரம் 14’. மற்றது, ஒரு நீளக் கணக்குப் புத்தகத்தின் நான்கு பக்கங்கள். ஈப்போவில் இத்தனை ஆண்டுத் தொழிலில் ஜெயித்த வழக்கு உண்டு, தோற்ற வழக்கும் உண்டு. போடாமலே விட்ட இந்த வழக்குதான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

2009 பிப்ரவரி. குனோங் சீரோ கோயிலில் தைப்பூசக் கூட்டம் கலைந்த வாரம். கிராணியார் காலை பஸ்ஸைப் பிடித்து வந்து, நான் அலுவலகம் திறக்கும் முன்பே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். பேராக்கின் பழைய ரப்பர் தோட்டம் ஒன்றில் நாற்பது வருஷம் கணக்கெழுதியவர். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பிறகு நிலமே கைமாறியது. வாங்கிய நிறுவனம் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டிருந்தது. இருபதுக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு நான் வக்கீல். அவர்கள் சார்பில் வந்து போகிறவர் கிராணியார். அன்றைக்கும் அந்த விஷயமாகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“தம்பி, ஒரு புது கேஸ் போடணும்.”

“யார் மேல, ஐயா?”

“நம்ம ஒய்பி மேல.”

ஒய்பி என்றால் எங்கள் பேச்சில் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். அப்போது பேராக்கில் வேறு பேச்சே கிடையாது. 2008 மார்ச் 8 தேர்தலில் மாநிலச் சட்டமன்றத்தின் 59 இடங்களில் மக்கள் கூட்டணி 31, தேசிய முன்னணி 28. இடையில் வெறும் மூன்று. 2009 பிப்ரவரித் தொடக்கத்தில் கூட்டணியிலிருந்து மூன்று பேர் விலகி, சுயேச்சைகளாக நின்று, தேசிய முன்னணியை ஆதரிப்பதாகச் சொன்னார்கள். பிகேஆர் (மக்கள் நீதிக் கட்சி) இருவர், ஜசெக (ஜனநாயகச் செயல் கட்சி) ஒருவர். மந்திரி புசார், அதாவது மாநில முதலமைச்சர், நிஜார் ஜமாலுதீன் சட்டமன்றத்தைக் கலைக்கக் கேட்டார்; சுல்தான் அஸ்லான் ஷா இணங்கவில்லை. பிப்ரவரி 6ஆம் தேதி ஜம்ரி அப்துல் காதிர் மந்திரி புசாராகப் பதவியேற்றார். விலகிய மூவரில் ஒருவரின் தொகுதியில்தான் கிராணியாரின் தோட்டம் இருந்தது.

“நான் செக்ரோல் எழுதுன காலத்துல, முன்பணம் வாங்கிட்டு ராவோட ராவா வேற தோட்டத்துக்குப் போனவன் பேருக்கு நேரா ‘ஓடிட்டான்’னு எழுதுவோம். அவன் வாங்குன பணத்துக்குக் கணக்கு இருக்கும். இதுக்கு இருக்கா, இல்லியா?”

அப்போதுதான் கைப்பையிலிருந்து அந்தப் போரம் 14-ஐ எடுத்து மேசைமேல் விரித்தார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வாக்கு எண்ணும்போது அவர் கட்சி முகவராக உட்கார்ந்திருந்தவர். ஒவ்வொரு வாக்களிப்பு அறையிலும், அதாவது நாம் ‘சாலுரான்’ என்று சொல்கிற ஒவ்வொன்றிலும், எண்ணி முடித்ததும் நிரப்புகிற தாள் அது. எத்தனை சீட்டுக் கொடுத்தார்கள், பெட்டியில் எத்தனை, செல்லாதவை எத்தனை, யாருக்கு எத்தனை என்று கட்டம் கட்டமாக இருக்கும். அடியில் முகவர்களின் கையெழுத்து. கிராணியாரின் கையெழுத்து அச்சுப்போல் இருந்தது. அந்தத் தாளை அவர் எனக்கு ரசீதாகக் காட்டினார்.

“இதுல உள்ளவங்க அத்தனை பேரும் கையெழுத்துப் போடுவாங்க” என்று கணக்குப் புத்தகத்தையும் திறந்தார். வரிசை எண், குடும்பத் தலைவர் பெயர், லயத்து வீட்டு எண், ஓட்டுப் போடும் பள்ளிக்கூடம். நாற்பது வருஷப் பழக்கம் கையில் இருந்தது. ஒரு கோடு கோணவில்லை.

கேட்டது கிராணியார் என்பதால் ஒரு வாரம் தேடினேன். மூன்று கதவுகள் தெரிந்தன.

முதல் கதவு தேர்தல் மனு. 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டப்படி, முடிவு அரசிதழில் வந்த 21 நாள்களுக்குள் போட வேண்டும். அதுவும் தேர்தல் நடந்த விதத்தில் பழுதிருந்தால்தான். ஜெயித்து ஒரு வருஷம் ஆனபின் மனம் மாறுவது அதில் அடங்காது. இரண்டாவது, தேர்ந்தெடுத்தவரைத் திருப்பி அழைப்பது. மலேசியச் சட்டத்தில் அப்படியொரு கதவே இல்லை. மூன்றாவது, கட்சித் தாவல் தடை. கிளந்தான் மாநிலம் அதைச் செய்து பார்த்திருந்தது. 1992இல் நோர்டின் சாலே வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்த்தது. அரசமைப்பின் 10ஆம் பிரிவு சங்கம் சேரும் உரிமையைத் தருகிறது. சேருவதற்கு உரிமை இருந்தால் விலகுவதற்கும் உண்டு என்பது அதன் சாரம். தேதியிடாத ராஜினாமாக் கடிதங்களை வைத்து, விலகியவர்களின் இடங்கள் காலி என்று சபாநாயகர் அறிவித்ததும், காலி இல்லை என்று தேர்தல் ஆணையம் மறுத்ததும் அந்த மாதத்துச் செய்திதான்.

கிராணியாரிடம் சொன்னேன்: “ஐயா, சட்டத்தின் கண்ணில் நீங்கள் ஓட்டுப் போட்டது ஆளுக்கு. சின்னத்துக்கு இல்லை.”

“நாங்க அந்த ஆளைப் போஸ்டர்லதான் தம்பி பாத்தோம். சின்னத்தைப் பாத்துத்தான் குத்துனோம்.”

எங்கள் தேர்தல் முறையின் சிக்கலை இதைவிடச் சுருக்கமாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஒரு தொகுதிக்கு ஒரே உறுப்பினர். அதிக வாக்கு வாங்கியவருக்கே இடம். மற்ற வாக்குகள் அன்றிரவோடு முடிந்தன. வாக்காளர் கட்சியைப் பார்த்துப் போடுகிறார், சட்டம் ஆளை எண்ணுகிறது. பெரிய கட்சிக்கு இந்த இடைவெளி பெரிதாக உறைக்காது. 31க்கு 28 என்று நூல் பிடித்த மாதிரி நிற்கும் சபையிலோ, இடைவெளிக்குள் விழுந்த மூன்று பேர் ஒரு மாநில அரசைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

அதே எண்கள் சிறிய கட்சிக்கு வேறொரு பலத்தையும் கொடுத்திருந்தன. அந்த 31 பேரில் ஜசெக 18, பிகேஆர் 7, பாஸ் 6. மூன்றில் மிகச் சிறியது பாஸ், நிஜார் பாஸ்காரர். பேராக் அரசமைப்பு, மந்திரி புசார் மலாய் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்கிறது. சுல்தான் விலக்குத் தரலாம், அவ்வளவுதான். ஜசெகவின் 18 பேரில் அந்தத் தகுதி யாருக்கும் இல்லை. பாஸின் ஆறு பேர் இல்லாமல் பெரும்பான்மையும் இல்லை. ஆக, ஆறு இடம் வைத்திருந்த கட்சி தலைமை நாற்காலிக்குப் போனது. துரோனோ தொகுதியின் வி. சிவகுமார் சபாநாயகரானார். மலேசியாவில் மாநிலச் சட்டமன்றமொன்றில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர்.

அந்த நாற்காலியின் கதி எல்லாருக்கும் தெரியும். மார்ச் 3ஆம் தேதி சட்டமன்றக் கட்டடத்துக்குள் விடாததால், ஈப்போவில் ஒரு மரத்தடியிலேயே சபை கூடியது. மே 7ஆம் தேதி சபைக்குள்ளிருந்து சிவகுமாரை இழுத்து வெளியேற்றினார்கள். அவருக்குப் பதிலாக உட்கார்ந்தவர் மஇகாவின், அதாவது மலேசிய இந்தியக் காங்கிரஸின், ஆர். கணேசன். சபாநாயகர் உறுப்பினராக இருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் அப்போது உறுப்பினரும் இல்லை. 2008 தேர்தலில் பேராக் சட்டமன்றத்தில் மஇகா ஓரிடமும் ஜெயிக்கவில்லை. இரண்டு தரப்பிலும் சபாநாயகர் இந்தியர். ஆனால் யார் ஆள்வது என்ற கணக்கு வேறெங்கோ நடந்துகொண்டிருந்தது.

மே 11ஆம் தேதி கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் நிஜாரே மந்திரி புசார் என்றது. நம்பிக்கை இழந்தாரா என்பதைச் சபையில் வாக்கெடுத்துத்தான் அறிய வேண்டும் என்பது அதன் வாதம். மே 22இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2010 பிப்ரவரி 9ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் ஜம்ரியை உறுதி செய்தது; பெரும்பான்மை எந்தப் பக்கம் என்பதைச் சபைக்கு வெளியேயும் அறியலாம் என்றது. உயர் நீதிமன்ற விசாரணையின் ஒரு நாள் ஜாலான் டூத்தா நீதிமன்றத்தின் பின்வரிசையில் நானும் இருந்தேன். பெரிய வக்கீல்கள் பேராக் அரசமைப்பின் 16ஆம் பிரிவைச் சொல் சொல்லாக உரித்துக்கொண்டிருந்தார்கள். வாக்காளர் என்ற சொல் என் காதில் விழுந்ததாக நினைவில்லை. விழ வேண்டிய அவசியமும் இல்லை. அவர் அந்த வழக்கில் தரப்பினர் அல்லர்.

தீர்ப்பு வந்த மாதம் கிராணியார் மறுபடி வந்தார். கோபம் வடிந்திருந்தது. பழைய கதை பேசினார். வாலிபத்தில் ஈப்போவுக்கு வந்து டி.ஆர். சீனிவாசகத்தின் மேடைப் பேச்சைக் கேட்டவர் அவர். டி.ஆர்., எஸ்.பி. சகோதரர்கள் இருவரும் எங்கள் ஈப்போ வக்கீல்கள் என்பதில் எங்களுக்கு இன்னும் ஒரு கர்வம் உண்டு. அவர்கள் நடத்திய மக்கள் முற்போக்குக் கட்சி 1953இல் பிறந்தது; நாடு முழுக்கப் பார்த்தால் சின்னக் கட்சிதான். ஆனால் அதன் ஓட்டு கிந்தா பள்ளத்தாக்கிலேயே குவிந்து கிடந்தது. 1959லும் 1969லும் நான்கு நான்கு நாடாளுமன்ற இடங்கள். 1969 பேராக் சட்டமன்றத்தில் மொத்தம் 40 இடம்: கூட்டணிக் கட்சிக்கு 19, முற்போக்குக் கட்சிக்கு 12, ஜசெக 6, கெராக்கான் 2, பாஸ் 1. ஆளும் கட்சிக்குப் பாதி கூட இல்லை. டி.ஆர். அந்த வெற்றியைப் பார்க்கவில்லை. தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு மார்ச்சில் காலமானார். பிறகு கட்சி தேசிய முன்னணிக்குள் போனது; 1974இல் நாடாளுமன்றத்தில் ஓரிடம் மிஞ்சியது. நகராட்சித் தேர்தலும் நின்றுபோன பிறகு, ஓர் ஊரை மட்டும் வைத்திருக்கும் கட்சிக்கு ஏணியின் கீழ்ப்படியே இல்லை.

“அவங்க ஓட்டு ஒரே எடத்துல இருந்துச்சு தம்பி. நம்ம ஓட்டு தோட்டம் தோட்டமா கெடந்துச்சு. இப்ப அதுவும் இல்ல” என்றார் கிராணியார்.

நான் தலையாட்டினேன். புரிந்துகொண்டு ஆட்டவில்லை என்று இப்போது தெரிகிறது.

ஏனென்றால் அன்று எங்கள் முன்னால் இருந்தது வீட்டு வழக்கின் சமரசப் பேச்சு. எதிர்த்தரப்பு இறங்கி வந்திருந்தது. சிலருக்கு மலிவு வீடு, சிலருக்கு ரொக்கம். நான் தொகையை ஏற்றுவதில் மும்முரமாக இருந்தேன். கிராணியார் ஒன்று மட்டும் கேட்டார்: “எல்லாருக்கும் ஒரே எடத்துல கெடைக்குமா?”

வயசானவருக்குப் பழைய அண்டை அயலை விட்டுப் போக மனசில்லை என்று நினைத்தேன். கோயிலும் பள்ளிக்கூடமும் பிரிந்துவிடுமே என்ற ஏக்கம் என்று நினைத்தேன். “கேட்டுப் பார்க்கிறேன், ஐயா” என்றேன். கேட்கவில்லை. அதைக் கேட்டால் தொகை குறையும் என்று கணக்குப் போட்டேன். சம்மதத் தீர்ப்பு பதிவானது. சிலர் இரண்டு வெவ்வேறு குடியிருப்புகளுக்குப் போனார்கள்; பணம் வாங்கியவர்கள் பிள்ளைகள் இருக்கும் ஊர்களுக்கு. நல்ல தொகை வாங்கிக் கொடுத்தேன் என்று எனக்கு அப்போது பெருமைகூட.

எனக்கு உறைத்தது 2018இல். சுங்கை சிப்புட் தொகுதியின் தேர்தல் முடிவைப் பார்த்தபோது.

சுங்கை சிப்புட்டைப் பற்றித் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மஇகா தலைவராக இருந்த துன் சம்பந்தனின் ஊர். பிறகு 1974 முதல் இன்னொரு மஇகா தலைவர் சாமிவேலுவின் கோட்டை. ஆனாலும் அங்கே தமிழ் வாக்காளர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். தீபகற்பத்தில் எங்குமே தமிழர் பெரும்பான்மையான நாடாளுமன்றத் தொகுதி கிடையாது. ஆகவே தமிழர் கட்சி எதுவானாலும் மற்றவர் ஓட்டு வேண்டும். அதற்கு மற்றவர் சின்னம் வேண்டும். மஇகாவுக்குத் தேசிய முன்னணியின் தராசு. எதிரில் நின்ற மலேசிய சோசலிசக் கட்சி 1998இல் பதிவுக்கு விண்ணப்பித்து, நீதிமன்றம் வரை அலைந்து, 2008 ஆகஸ்டில்தான் பதிவு பெற்றது. அதுவரை அதன் வேட்பாளர் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் இரவல் சின்னத்தில்தான் நிற்க முடிந்தது. 1999இல் ஜசெக சின்னத்தில் தோற்றார், 2004இல் பிகேஆர் சின்னத்தில் தோற்றார். 2008இல் அதே பிகேஆர் சின்னத்தில் 1,821 வாக்கு வித்தியாசத்தில் சாமிவேலுவைத் தோற்கடித்தார். 2013இல் வித்தியாசம் 2,793. 2018இல் கூட்டணி உடன்பாடு அமையவில்லை. தன் கட்சியின் கைமுட்டிச் சின்னத்தில் நின்றார். பத்து வருஷம் ஊருக்கு உழைத்த அதே மனிதர். கிடைத்தது 1,505 வாக்கு. எட்டில் ஒரு பங்கு வாக்கு எட்டாவிட்டால் பத்தாயிரம் வெள்ளி வைப்புத்தொகை பறிபோகும். போனது.

அவரை யாரும் வெறுத்துவிடவில்லை. ஜெயிக்க மாட்டாதவருக்குப் போட்டு ஓட்டை வீணாக்க வேண்டாம் என்று ஆளுக்கு ஆள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கே அவரைத் தோற்கடித்தது. பரவிக் கிடக்கும் சிறுபான்மையைச் சின்னக் கட்சியாக நிற்கவிடாமல் இந்த முறை செய்யும் வேலை அது.

குவிந்து கிடந்தால் கதை வேறு. 1977இல் இலங்கையில் இதே முறைதான் நடப்பில் இருந்தது. சுதந்திரக் கட்சி ஏறத்தாழ 30 விழுக்காடு வாக்கு வாங்கி 8 இடம் பெற்றது. தமிழர் விடுதலைக் கூட்டணி 7 விழுக்காட்டுக்கும் குறைவாக வாங்கி 18 இடம் பெற்று எதிர்க்கட்சித் தலைமைக்கே வந்தது. அதன் வாக்கு வடகிழக்கில் குவிந்திருந்தது, அவ்வளவுதான். எங்களைப் போலத் தோட்டத்தில் வாழ்ந்த மலையகத் தமிழர்களுக்கோ, நுவரெலியா–மஸ்கெலியா தொகுதி மூன்று உறுப்பினர் தொகுதியாக இருந்ததால் கதவு திறந்தது. முதல் இரண்டு இடம் பெரிய கட்சிகளுக்குப் போக, மூன்றாவதாகத் தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் தேர்வானார். அதே லயம், அதே பிரட்டு, அதே மாரியம்மன் கோயில். தொகுதியின் வடிவம் மட்டும் வேறு.

2018 தேர்தல் முடிந்த சில வாரங்களில் எனக்குத் தபாலில் ஒரு உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை. கிராணியாரின் கணக்குப் புத்தகத்தின் நான்கு பக்க நகல். 2009இல் என் மேசையில் பார்த்த அதே பெயர்கள், அதே நேர்க்கோடுகள். வலது ஓரத்தில் புதிதாக இரண்டு கட்டம் சேர்த்திருந்தார்: ‘போன ஊர்’, ‘ஓட்டு’. புந்தோங், தைப்பிங், ரவாங், கிள்ளான் என்று ஊர்கள் இறங்கின. பக்கத்தில் ஒவ்வொருவரின் தொகுதி. நான் எண்ணிப் பார்த்தேன். 2008இல் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே போரம் 14-இல் அடங்கியவர்கள் பதினொரு தொகுதிகளில் கிடந்தார்கள். எந்தத் தொகுதியிலும் யாரும் வீடு தேடி வந்து கேட்கும் அளவுக்கு இல்லை.

‘ஒரே எடத்துல கெடைக்குமா’ என்று அவர் கேட்டது இதைத்தான். அவர் தொகுதிக் கணக்கைப் பேசினார். நான் சதுர அடிக் கணக்கைப் பேசிக்கொண்டிருந்தேன். கட்சி மாறிய உறுப்பினர் கொண்டுபோனது ஒரு தவணைக்கான ஓட்டு. நான் கையெழுத்திட்ட சம்மதத் தீர்ப்பு கலைத்தது அதற்குப் பிறகு வரும் எல்லாத் தவணைகளையும். மறு வருஷம் தைக்கு முன்பே அவர் போய்விட்டார்.

சின்னக் கட்சியின் கதை பேராக்கில் அதன்பின்னும் அதே சுழலில்தான். 2018இல் நம்பிக்கைக் கூட்டணி 29, தேசிய முன்னணி 27, பாஸ் 3. மந்திரி புசாரானவர் பெர்சத்துவின் அகமட் பைசால் அசுமு. கட்சிக்குச் சபையில் அவர் ஒருவர்தான். 2020 டிசம்பரில் அவர்மீதான நம்பிக்கைத் தீர்மானம் சபைக்கு வந்து 10க்கு 48 என்று தோற்றது. 2009இல் உயர் நீதிமன்றம் கேட்ட அந்தச் சபை வாக்கெடுப்பு பதினோரு வருஷம் கழித்து ஒருவழியாக நடந்தது. 2022இல் பெரிக்காத்தான் 26, நம்பிக்கைக் கூட்டணி 24, தேசிய முன்னணி 9. மந்திரி புசார் அந்த ஒன்பதிலிருந்து. அறுபதுக்கு ஒன்று குறைந்த சபையில் ஆறு, ஒன்று, ஒன்பது என்று வைத்திருந்தவர்கள் மூன்று முறை தலைமைக்கு வந்திருக்கிறார்கள். தராசு முள் நடுவில் நிற்கும்போது ஒரு குன்றிமணிக்கும் எடை வந்துவிடுகிறது. ஆனால் அந்தக் குன்றிமணி தராசுத் தட்டில் இருக்க வேண்டும். மண்ணில் சிதறிக் கிடந்தால் எடை இல்லை.

கிராணியார் போடச் சொன்ன கேஸுக்கு 2022 அக்டோபரில் பாதிப் பதில் வந்தது. அரசமைப்பில் சேர்ந்த 49ஏ பிரிவின்படி, ஒரு கட்சியின் சார்பில் ஜெயித்த நாடாளுமன்ற உறுப்பினர் அதை விட்டு விலகினால் இடம் காலி. கட்சி அவரை நீக்கினால் காலி இல்லை. கட்சியிலேயே இருந்துகொண்டு எதிரணியை ஆதரித்தால்? 2023இல் கோலகங்சார் உறுப்பினர் அப்படிச் செய்தார். இன்னும் சிலரும் செய்தார்கள். 2024இல் அவர்கள் இடம் காலி இல்லை என்று நாடாளுமன்றச் சபாநாயகர் சொன்னார். கிராணியார் இருந்திருந்தால் செக்ரோலில் என்ன எழுதியிருப்பார் என்று யோசித்துப் பார்ப்பேன். ஆள் தோட்டத்தில்தான் இருக்கிறான், பால் மட்டும் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிறது.

‘ஒரே எடத்துல கெடைக்குமா’ என்ற அவருடைய இரண்டாவது கேள்விக்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை. தோட்டக் குடியிருப்பு வழக்குகள் இன்னும் வருகின்றன. சம்மதத் தீர்ப்பின் வரைவு மேசைக்கு வரும்போது, தொகை எழுதும் வரிக்கு மேலே பென்சிலால் ஒரு வரி சேர்க்கிறேன்: ‘எல்லா வீடுகளும் ஒரே இடத்தில்.’ எதிர்த்தரப்பு பெரும்பாலும் அடித்துத் திருப்பி அனுப்பும். இரண்டு முறை அடிக்காமல் விட்டிருக்கிறார்கள்.